ஹாரியட் ஊரின் நீல வீடு

ஹாரியட், நெவாடா
1906 மார்ச் 4

என் அன்பு அக்கா லவ்டேக்கு,

நானும் ஜோரியும் உருப்படியாக வந்து சேர்ந்தோம். பெட்ராக் அத்தானின் முதுகுவலி தேவலையா? உன் கோழிகளும் உன் கோபமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஊர் எப்படி என்று கேட்பாய். ஊர் இன்னும் வரவில்லை, அக்கா. நாங்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டோம்! கூடாரங்களும் காற்றும்தான் இருக்கின்றன. ஆனால் தெருவுக்கெல்லாம் பெயர் வைத்தாகிவிட்டது. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இது தங்கத் தெரு, இது பிரதான வீதி என்று பலகை நட்டிருக்கிறார்கள். நேற்று நான் வீதியின் நடுவில் அடுப்பு வைத்துவிட்டேன் என்று ஒருவர் வந்து சண்டை போட்டார். "எங்கய்யா வீதி?" என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மக்கார்டி என்று ஒரு கிழவர். தங்கத்தை முதலில் கண்டது அவருடைய கோவேறு கழுதை. அவர் எழுப்பியபோது எழுந்திருக்க மாட்டேன் என்று பின்னங்காலால் ஓர் உதை விட்டதாம். உதை பட்டுப் பெயர்ந்த பாறையில் மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கழுதையின் பெயர்தான் ஹாரியட். அதைப் பார்த்தேன். ராணி மாதிரி ஓட்ஸ் தின்றுகொண்டு நிற்கிறது.

ஜோரி முதல் நாளே குழிக்குள் இறங்கிவிட்டான். மேலே வந்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினான். "டாம்சின், இங்க பாறை பேசுது!" என்றான். என்ன சொல்கிறது என்று கேட்டேன். "கிட்ட வா, கிட்ட வான்னு சொல்லுது" என்றான். எங்கள் கல்யாணத்தன்று நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஆறே மாசம். அதுக்குள்ள உன்னை விட்டுட்டு ஓடிருவான்." இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஓடினான்தான், என்னையும் கூட்டிக்கொண்டு!

குங்குமப்பூ கொஞ்சம் அனுப்பு. இங்கே மணலைச் சலித்தால்தான் மாவு கிடைக்கிறது. ஆனாலும் நம் ஊர் குங்குமப்பூ பன் சுடாமல் விடமாட்டேன்.

உன் முத்தத்துக்குக் காத்திருக்கும்,
டாம்சின்

~

கிராஸ் வேலி, கலிபோர்னியா
1906 ஏப்ரல் 2

அன்புத் தங்கை டாம்சினுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நாங்கள் இருவரும் நலம். அத்தானின் முதுகு மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது, கோயிலுக்குக் கிளம்பும்போது ரொம்ப வலிக்கிறது.

கழுதையின் பெயர் வைத்த ஊரில் போய்க் குடியிருக்கிறாய். நல்லது. அங்கே ஒரு ஜெப வீடாவது உண்டா? நல்ல தண்ணீர் கிடைக்கிறதா? மருத்துவர் இருக்கிறாரா? நான் கேட்கிறவற்றுக்குப் பதில் எழுது. கழுதை என்ன தின்கிறது என்று நான் கேட்கவில்லை.

பாறை பேசுகிறது என்று நம் அப்பாவும் சொல்லுவார். அதற்கு மேல் நான் எழுத வேண்டாம். ஜோரியைப் பார்த்து நடக்கச் சொல்.

குங்குமப்பூ உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஜாடியில் போட்டு வை என்று எழுத வந்தேன். அங்கே மழை எது!

உன் அக்கா,
லவ்டே

~

ஹாரியட்
1906 ஜூலை 19

அருமை அக்கா,

எல்லோரும் சுகம்தானே? இங்கே வெயிலில் மெழுகுவர்த்தி தானாகவே குனிந்து கும்பிடுகிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை.

அக்கா, ஊர் வந்துவிட்டது! மார்ச்சில் கூடாரம் அடித்து உட்கார்ந்த இடத்தில் இப்போது முடிதிருத்தும் கடை, செருப்புக் கடை, இரண்டு செய்தித்தாள், எண்ணமுடியாத சாராயக் கடைகள். செங்கல்லுக்கு யாருக்கும் பொறுமை இல்லை. ஒருவர் பீர் பாட்டில்களை அடுக்கிச் சேறு பூசி வீடு கட்டிவிட்டார். மாலை வெயில் பட்டால் அந்த வீடு முழுக்கப் பச்சையாக எரிகிறது.

போன வாரம் பியானோ வந்தது! இருபது கழுதை பூட்டிய வண்டியில் வந்தது. வழியில் வெயிலில் பசை உருகி, இறக்கும்போது கால் ஒன்று தனியாகக் கழன்று வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். காலுக்குப் பதில் வெடிமருந்துப் பெட்டியை முட்டுக் கொடுத்து அன்று மாலையே வாசித்தோம். பாதிக் கட்டைகளில் சத்தமே இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து "டொய்ங்" என்று கத்தினோம். இவ்வளவு சிரித்து எனக்கு நினைவில்லை.

எனக்கு வீடு வந்துவிட்டது! நாலு அறை, நல்ல பலகை வீடு. முன்னறையில் கடை, பின்னால் அடுக்களை. நீல வண்ணம் அடித்திருக்கிறேன். இந்தப் பாலைவனம் முழுவதிலும் வண்ணம் அடித்த வீடு இது ஒன்றுதான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் தண்ணீர் என்று நினைத்து ஓடி வருகிறார்கள். வந்தவர்களை விடுவேனா? கையில் ஆளுக்கொரு பாஸ்டி. மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்து நீ சொல்லிக்கொடுத்தபடியே ஓரம் மடித்துச் சுடுகிறேன். சுரங்கத்துக்காரர்கள் விடியும் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

சுரங்கத்தில் போன மாதம் ஒரு சரிவு. ஜோரி உள்ளே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து வந்தான். மாவில் புரட்டிய மாதிரி வெள்ளையாக வந்து நின்றதைப் பார்த்து வீதியே ஆரவாரம் செய்தது. மறுநாளே வேலைக்குப் போய்விட்டான்.

ரயில் பாதை போடப் போகிறார்களாம்!

உன் கையைப் பிடித்துக் குதிக்க ஆசைப்படும்,
டாம்சின்

~

கிராஸ் வேலி
1906 செப்டம்பர் 10

டாம்சினுக்கு,

இறைவன் கிருபையால் நலம். உன் வீட்டுக்கு என் ஆசீர்வாதம். நீலம் எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் அங்கே இல்லையே.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பியானோவின் கால் கழன்றதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் புருஷன் மண்ணுக்குள் புதைந்ததைப் பற்றி மூன்று வரி. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? கூட யாராவது இருந்தார்களா? இருந்தவர்கள் வெளியே வந்தார்களா? அவன் தூங்குகிறானா? சாப்பிடுகிறானா?

நம் அப்பா சரிவிலிருந்து வந்த பிறகு ஒரு வருஷம் விளக்கை அணைக்க விடவில்லை. நீ அப்போது தொட்டிலில் இருந்தாய். எனக்குத் தெரியும்.

ஜோரியைப் பற்றி எழுது.

உன் அக்கா,
லவ்டே

~

ஹாரியட்
1906 டிசம்பர் 20

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்! உங்கள் கை கால்களெல்லாம் சுகமா? தாமதத்துக்குக் கோபிக்காதே. மூச்சுவிட நேரமில்லை.

மின்கம்பம் நடுகிறார்கள், அக்கா! ரயில் பாதை பள்ளத்தாக்கு வரைக்கும் வந்துவிட்டது. காற்று திரும்பினால் இங்கிருந்தே சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. மூன்று மாடி வங்கி எழும்புகிறது, முழுக்கக் கல்லில், படிக்கட்டு சலவைக்கல்லில். அதைக் கட்டுகிறவர்களுக்கும் நான்தான் சாப்பாடு போடுகிறேன். உதவிக்கு ஹில்டா என்று ஒரு ஜெர்மன் பெண்ணை வைத்திருக்கிறேன். அவளுக்கு நான் பேசுவது புரியாது, எனக்கு அவள் பேசுவது புரியாது. இருவருக்கும் வாய் மூடுவதில்லை.

ஜோரி அருமையாக இருக்கிறான். இதோ எதிரே உட்கார்ந்து நாலாவது பாஸ்டியைத் தின்றுகொண்டிருக்கிறான். "மதினிக்கு என் வணக்கத்தைப் போடு" என்கிறான். போட்டுவிட்டேன்.

அவசரமாக, ஆனால் முழு அன்போடு,
டாம்சின்

~

கிராஸ் வேலி
1907 ஜனவரி 14

அன்புத் தங்கைக்கு,

உனக்குப் புது வருஷம் நல்லபடி விடியட்டும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தபோது சமையலறையில் ஆட்கள் இருந்தார்கள். வழக்கம்போல உரக்கப் படித்தேன். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன் என்று எழுத முடியாத நிலைமையில் இருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒருவரைக் குடிவைத்திருக்கிறோம். அத்தானின் கழுதை வண்டிகளை ஓட்ட ஆள் தேவைப்பட்டது. முரட்டுக் கழுதையும் அவரிடம் அடங்கி நிற்கிறது. மரம் ஏற்றி மலையிலிருந்து இறக்குகிறார். நல்ல உழைப்பாளி. நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஜோரிக்கு அந்த நாலாவது பாஸ்டி பிடித்ததா? கேட்டு எழுது. உண்மையாகக் கேட்டு, அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

டாம்சின், நான் ஒருவருக்கு வேதத்தின் மேல் கைவைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. உனக்கும் அப்படி ஏதாவது இருந்தால், முதலில் நீ இறக்கி வை. நான் கேலி செய்ய மாட்டேன்.

காத்திருக்கும் அக்கா,
லவ்டே

~

ஹாரியட்
1907 ஜூன் 8

என் தங்கமான அக்காவுக்கு,

உன் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன். ஜெபிக்கிற நேரமெல்லாம் மாவு பிசைகிற நேரம்தான், தேவன் பொறுத்துக்கொள்வார்.

ரயில் வந்துவிட்டது! ரயில்! கரும்புகை கண்ணுக்குத் தெரிந்ததும் பள்ளிக்கூடம், நீதிமன்றம், சாராயக் கடை எல்லாம் ஒரே நேரத்தில் காலியாகிவிட்டன. நீதிபதி ஓடும்போது கைதியும் கூடவே ஓடினான். இருவரும் ஒரே பெட்டி மேல் ஏறி நின்று தொப்பியை ஆட்டினார்கள். இரவானால் வீதி விளக்கு. பனிக்கட்டி வருகிறது, சிப்பி வருகிறது, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பாடகிகள் வருகிறார்கள். எங்கள் ஊரை வரைபடத்தில் போட்டுவிட்டார்கள், அக்கா. நான் விரலை வைத்துப் பார்த்தேன்.

வங்கித் திறப்புக்கு நடனம். பச்சைப் பட்டு உடுத்திப் போனேன். ஜோரிக்குப் புதுக் கோட்டு. அவன் இப்போது மேஸ்திரி ஆகிவிட்டான், தெரியுமா! அவனுக்குக் கீழே ஏகப்பட்ட ஆட்கள். சலவைக்கல் படியில் என் கையைப் பிடித்து ஏற்றினான். எல்லா ஆட்டமும் என்னோடுதான் ஆடினான். கடைசி ஆட்டத்தில், "உன்னைவிட்டு எங்கயும் போகமாட்டேன் டாம்சின்" என்றான்.

உன் கொட்டகைக்காரரை நம்பிச் சாவியைக் கொடுக்காதே. நாடோடிகள் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்.

சுகத்தோடு,
டாம்சின்

~

கிராஸ் வேலி
1907 நவம்பர் 11

டாம்சின்,

உயிரோடு இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம்.

ஜூனில் வந்த உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாதது என் தப்பு. எழுத உட்கார்ந்தால் எழுதக் கூடாததுதான் முந்திக்கொண்டு வந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

இப்போது பேப்பரில் பார்க்கிறேன். கிழக்கே வங்கிகள் கவிழ்ந்துவிட்டனவாம். நெவாடாவில் வங்கிக் கதவுகளைச் சாத்திவிட்டார்களாம். சுரங்கங்கள் ஆட்களை நிறுத்துகின்றனவாம். உன் ஊர் பெயர் பேப்பரில் இருந்தது. கழுதையைப் பற்றி அல்ல.

ஒரே ஒரு வரி எழுது. அலங்காரம் வேண்டாம். ரயில், விளக்கு, பியானோ ஒன்றும் வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

லவ்டே

~

ஹாரியட்
1908 ஜனவரி 26

அக்கா,

நான் நலம். இது நீ கேட்ட ஒரு வரி. மீதியை நீ கேட்காமலே எழுதுகிறேன்.

வங்கி மூடியது உண்மை. சுரங்கத்தில் மஞ்சள் கோடு மெலிந்துகொண்டே போய்ப் பாறையோடு பாறையாகிவிட்டதாம். வந்த வேகத்திலேயே ஊர் போகிறது, அக்கா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. கூத்துக் கொட்டகையைப் பலகை பலகையாகக் கழற்றி ரயிலில் ஏற்றுகிறார்கள். எதிர்வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகளைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள், நாற்காலி இழுத்தபடியே கிடக்கிறது. மக்கார்டி கிழவர் தெற்கே வெள்ளி கிடைக்கிறது என்று ஹாரியட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஊரின் பெயரையே கயிறு கட்டிக் கூட்டிப் போனது போல இருந்தது. ஹில்டா போகும்போது ஜெர்மனில் அழுதாள், நான் நம் பாஷையில் அழுதேன்.

எனக்கு மட்டும் வியாபாரம் அமோகம்! போகிறவர்கள் எல்லோரும் வழிச்சாப்பாடு என்னிடம்தான் வாங்குகிறார்கள். சிரிக்காதே. சரி, சிரி.

அக்கா, ஜோரி எதிரே உட்கார்ந்து நாலாவது பாஸ்டி தின்னவில்லை. மேஸ்திரி ஆகவில்லை. நடனத்துக்குப் போனது உண்மை. நான் மட்டும் போனேன். படியில் யாரும் கையைப் பிடிக்கவில்லை. 1906 நவம்பரில் ஒரு காலை, "பக்கத்து முகாமைப் பாத்துட்டு வரேன்" என்றான். சாப்பாட்டு வாளியைக் கையில் கொடுத்தேன். அடுப்பில் பன் கருகிக்கொண்டிருந்ததால் நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அவ்வளவுதான். போனவன் போனவன்தான்.

நீ ஆறு மாதம் என்றாய். அவன் உன் கணக்கைத் தாண்டி இருந்தான் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த பெருமை. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எழுதுகிற நேரத்துக்காவது அவன் என் எதிரே இருந்தான்.

இப்போது கேலி செய்.

டாம்சின்

~

கிராஸ் வேலி
1908 பிப்ரவரி 5

என் கண்ணே டாம்சின்,

வேதத்தின் மேல் செய்த சத்தியத்தை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். போதகரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

ஜோரி என் வீட்டில் இருக்கிறான்.

அந்தக் கொட்டகைக்காரர் அவன்தான். 1906 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நின்றான். "மதினி, நீங்க சொன்னது மாதிரியே ஆயிருச்சு. திட்டுங்க. திட்டுறதுக்கு முந்தி ஒரு டீ குடுங்க" என்றான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். டீக்கோப்பையைப் பிடித்த கையைப் பார்த்தேன். டீ பாதிக்கு மேல் சட்டையில் கொட்டியிருந்தது.

அந்தச் சரிவில் ஒரு பகல் முழுக்க அவன் இருட்டில் கிடந்திருக்கிறான், டாம்சின். பக்கத்தில் கிடந்தவன் பேசிக்கொண்டே இருந்து பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். மறுநாள் ஜோரி வேலைக்குப் போகவில்லை. போனது போல உனக்குக் காட்டினான். அதற்குப் பிறகு சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். கோடை முடிந்த பிறகு அதுவும் முடியவில்லை. நீ கொடுத்த வாளியை எடுத்துக்கொண்டு, சுரங்கத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் உட்கார்ந்திருந்துவிட்டு, சங்கு ஊதியதும் முகத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவானாம். அங்கிருந்து உன் நீல வீடு தெரியுமாம்.

"சொன்னா என்னடா? என் தங்கச்சி உன்னைக் கடிச்சாத் திங்கப் போறா?" என்று கேட்டேன். "அவ அவ்வளவு சந்தோஷமா இருந்தா மதினி. ஊரே குழிக்குள்ள இறங்குறதுக்கு வரிசையில நிக்குது. அவ புருஷன் மட்டும் கழுதை மாதிரி கால ஊனிக்கிட்டு நிக்கணுமா?" என்றான். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையை இழுத்து வேதத்தின் மேல் வைத்துவிட்டான்.

உன் கடிதங்களை அவன் எதிரில்தான் படித்தேன். மேஸ்திரி ஆனதையும் நடனம் ஆடியதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான். கழுதைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவனிடம் போய், "எவ்வளவு நாள்டா இது?" என்று கேட்டேன். "அந்த ஜோரி நல்லாயிருக்கான் மதினி. அவனே அங்க இருக்கட்டும்" என்றான்.

நேற்று உன் கடிதத்தைப் படித்தேன். இந்த முறை அவன் எழுந்து போகவில்லை. மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டான்.

கேலி செய்ய மாட்டேன் என்று சொன்னேன். உங்கள் கல்யாணத்தன்று நான் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவன் ஓடிப்போகிற ஜாதி இல்லை. எங்கே ஓடுவது என்றுகூடத் தெரியாமல் மாமியார் மாதிரி இருக்கிற என்னிடம் வந்தான் பார்!

நீ எழுதினால் படித்துக் காட்டுகிறேன். திட்டாக இருந்தாலும்.

உன் அக்கா,
லவ்டே

~

ஹாரியட்
1908 பிப்ரவரி 20

ஜோரிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அக்கா கையால் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவன் நலமாகத்தான் இருப்பாய்.

மடையா. நீ இறந்துவிட்டாய் என்று நினைத்து எத்தனை பேரிடம் விசாரித்தேன் தெரியுமா? உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு வீதிக்கு ஓடினேன், யாரிடமாவது சொல்ல. வீதியில் ஒரு நாய் இருந்தது. அதனிடம் சொன்னேன்.

கேள். ஆல்டர் வெல்ஸ் தெரியுமல்லவா, கீழே ரயில் சந்திப்பு? அங்கே எஞ்சின் பட்டறை போட்டிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. தங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரயில் ஓடும், ரயில்காரனுக்குப் பசிக்கும். நான் அங்கே போகிறேன். என் வீட்டையும் கொண்டுபோகிறேன். பலகையாகக் கழற்றி அல்ல, முழுசாக! ரயில் பெட்டியில் ஏற்ற முடியாத அகலம். இழுக்கக் கழுதை வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

முரட்டுக் கழுதையும் உன்னிடம் அடங்கி நிற்கிறது என்று அக்கா எழுதியிருக்கிறாள். குழிக்குள் இறங்க ஆள் தேடவில்லை நான். வா.

இன்னும் உன் மனைவிதான்,
டாம்சின்

~

ஆல்டர் வெல்ஸ்
1908 மே 3

உயிரான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் சுகம்! "நாங்கள்" என்று எழுதுகிறேன், பார்த்தாயா? அத்தானின் கழுதைகளும் சுகம். உன் ஊறுகாய்ப் புட்டி மட்டும் வழியில் உடைந்தது.

ஜோரி வந்த அன்று சொல்வதற்கு எத்தனையோ வசவு தயாராக வைத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கினான், தொப்பியைக் கழற்றினான், என்னைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தான். "அடியில கல்லா, மரமா?" என்றான்.

"ஒன்றரை வருஷம் கழிச்சு வந்துட்டு வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னா கேக்குற?"

"உன் மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன், டாம்சின். வீட்டைப் பாத்தா வேலையாவது நடக்கும்."

சரி என்று வேலையை ஆரம்பித்தோம். சுரங்கத்தில் சும்மா கிடந்த ஜாக்கிகளைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் கொடுத்தோம். வீட்டுக்கு அடியில் மாட்டத் தாதுவண்டிச் சக்கரங்களைக் கழற்றிக் கொண்டுவந்தோம். ஊரில் மீதியிருந்த ஆட்கள் எல்லோரும் உதவிக்கு வந்துவிட்டார்கள், நீதிபதி உட்பட. வேறு வேலை யாருக்கு இருக்கிறது? நடுவில் ஒரு உத்தரத்தை மட்டும் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பொருத்த வேண்டும். ஜோரி குனிந்தான். தலை வரைக்கும் உள்ளே போனான். அப்படியே நின்றுவிட்டான். முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளு, என் வீடு, நானே போறேன்" என்று பாவாடையைச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன்.

அக்கா, என் வீட்டுக்கு அடியில்தான், பட்டப்பகல்தான். பத்து முழம் போனதும் வெளிச்சம் பின்னால் போய்விட்டது. உத்தரத்தைத் தள்ளிப் பொருத்துகிற நேரத்தில் ஒரு ஜாக்கி நழுவி வீடு ஒரு விரல் அளவு இறங்கியது. அவ்வளவுதான். மண் கண்ணில் கொட்டியது. என் நாலு அறையும் அடுப்பும் முதுகின் மேல் உட்கார வருவது போல இருந்தது. கத்த வாயைத் திறந்தால் மூச்சு வரவில்லை. கை கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இதில் ஒரு பகல் முழுக்க அவன் கிடந்தானா!

"டாம்சின்! டாம்சின், சத்தம் வருதா?" என்று அவன் குரல். பக்கவாட்டில் மண்ணில் குப்புறப் படுத்துக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே நீட்டியிருந்தான். தட்டித் தடவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னால உள்ள வர முடியலம்மா. ஆனா கைய விடமாட்டேன். மெதுவா வா. மொதல்ல மூச்சு விடு. விட்டியா? இப்ப முழங்கைய நகத்து" என்று சொல்லிச் சொல்லி இழுத்தான். வெளியே வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தோம், அழுதோம், எது எதென்று தெரியவில்லை. உத்தரம் சரியாக உட்கார்ந்திருந்தது!

மறுநாள் வீடு கிளம்பியது, அக்கா! நீ பார்க்க வேண்டுமே! முன்னால் கழுதைகள் நீள வரிசை, அதற்குப் பின்னால் நீல வீடு, அதன் புகைபோக்கியில் புகை. ஆமாம், அடுப்பை அணைக்கவில்லை. இழுக்கிற ஆட்களுக்குச் சாப்பாடு வேண்டாமா? உள்ளே நின்று நான் மாவு உருட்ட, தரை கப்பல் மாதிரி ஆடியது. மாவு கிழக்கே உருண்டது, உருளைக்கிழங்கு மேற்கே உருண்டது. சன்னலைத் திறந்து ஓட்டுகிறவர்களுக்குச் சுடச் சுட நீட்டினேன். மணலில் சக்கரம் புதையும்போதெல்லாம் ஜோரி கழுதைகளின் காதில் என்னவோ சொன்னான். எட்டிக் கேட்டேன். எல்லாம் உன் பேச்சு, அக்கா. "எழுந்திரிங்கடா சோம்பேறிங்களா, கர்த்தர் பாக்குறார்!" என்று உன் குரலிலேயே சொல்கிறான்.

மேட்டில் ஏறிக் கழுதைகளை இளைப்பாற விட்டபோது என் பக்கத்தில் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே பேசினான்.

"நேத்து எல்லாரும் பாத்துட்டாங்க, டாம்சின். பொண்டாட்டிய உள்ள அனுப்பிட்டு வெளிய படுத்துக் கிடந்தான்னு ஊரு பேசும்."

"எந்த ஊருய்யா?" என்றேன். "திரும்பிப் பாரு."

திரும்பினான். கீழே சமவெளியில் கூரை போன சுவர்கள் நின்றன. வங்கியின் மூன்று மாடிச் சன்னல்கள் வழியாகப் பின்னால் இருந்த மலை தெரிந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டுப் பெயர் வைத்த தெருக்களில் மணல் நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான், அக்கா. 1906க்குப் பிறகு முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முன்னால் நின்ற கழுதை தனக்குத்தான் உத்தரவு என்று நினைத்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. "ஏய், நில்லு, நில்லு!" என்று அவன் கத்திக்கொண்டு ஓட, வீடு என்னையும் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது!

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவரின் முத்தங்கள்.

டாம்சின், ஜோரி